பின்னறைச் சுவர்

சங்கரன்கோவிலில் வாங்கிய பழைய வீட்டின் பின்னறைச் சுவருக்குள் யாரோ தட்டுவது சுபலட்சுமிக்கு மட்டும் கேட்டது. கணவர் பிரமை என்றார்.

பார்க்க வந்த இரண்டு கான்ட்ராக்டர்களும், "ஆமா மேடம், கேக்கு. இடிச்சுக் கட்டணும்" என்றார்கள். பெரிய வேலைக்காகத் தலையாட்டுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது.

மூன்றாவதாக வந்த மாரிக்கண்ணன் அவள் சொன்னதை முகம் பார்த்துக் கேட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. பூசினாப் போதும்."

நம்பகமான ஆள் என்று வேலையை அவரிடமே கொடுத்தாள். சத்தம் பிரமைதான் என்று மனமும் ஆறியது.

வேலை நாளில், சுவர் பூசிக்கொண்டிருந்தவரை, "அண்ணாச்சி, காப்பி" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

"அவுகளுக்குக் காது கேக்காதும்மா. வாயசைவப் பாத்துதான் பேசுவாக" என்றாள், கலவை குழைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி.

அப்போது மாரிக்கண்ணன் சுவரில் ஊன்றியிருந்த உள்ளங்கையை வெடுக்கென்று எடுத்தார்.

"உள்ள இருந்து யாரோ தட்டுதாங்கம்மா."