குரல் போய்ச் சேரும் நேரம்

“ஹலோ... லைன்ல இருக்கீங்களா?” என்று அழகுபாண்டியின் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அவன் அவசரமாகப் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த காளை நிமிர்ந்து பார்த்தான். இன்டர்நெட் கம்பெனிக்காரன் அவன். வீட்டு வைஃபை சரியில்லை என்று அழகுபாண்டிதான் அவனை வரச் சொல்லியிருந்தான்.

“அண்ணே, டவுன்லோடு சுத்தமா இருக்கு. அப்லோடுலதான் சிக்கல். இங்கிருந்து ஒரு தகவல் போயித் திரும்பி வர இருபது மில்லி செகண்டு ஆகணும். எண்ணூறு ஆகுது. வீட்ல ஏதோ ஒண்ணு விடாம வீடியோ அனுப்பிக்கிட்டே இருக்கு.” காளை குரலைத் தாழ்த்தினான். “அது உங்க பையில இருக்க போனுதாண்ணே.”

அழகுபாண்டிக்கு முகம் வேர்த்துவிட்டது. படுக்கையறைக் கதவைப் பார்த்தான். சாத்தியிருந்தது. உள்ளே அவன் மனைவி ரோகிணி ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். “யெஸ் சார்... அனுப்பிடுறேன் சார்” என்று அவள் பேசுவது லேசாகக் கேட்டது.

“எண்ணூறுன்னா எம்புட்டு தம்பி?”

“முக்கா செகண்டுக்கு மேல. படம் பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மீட்டிங்ல பேசுறவங்களுக்குத்தான் கஷ்டம். நாம சொன்னது போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த ஆளு பேசிருவாரு.”

ஏறக்குறைய இதையேதான் ரோகிணியும் சொல்லிக்கொண்டிருந்தாள். “நெட்டு இழுக்குதுங்க. நான் பேசுறது யாருக்கும் கேக்க மாட்டேங்குது. மேனேஜருக்கு எம்மேல கடுப்பு.” சொல்லிவிட்டுத் தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்றால், “வேணாங்க, தானா சரியாயிரும்” என்பாள். அவளுக்குத் தெரியாமல்தான் இன்று காளையை வரவழைத்திருந்தான்.

அழகுபாண்டி போனை எடுத்து அழைப்பைத் துண்டித்தான். காளை மறுபடியும் அளந்தான்.

“பாருங்க, இருபதுக்கு வந்துருச்சு. இப்ப இந்த வீட்லருந்து வெளிய ஒரு பொட்டு டேட்டாகூடப் போகல.” சொல்லிவிட்டு, சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தவன், கேட்காமலே வயரைச் சுருட்டிப் பையில் போட்டான். “வாரேண்ணே. பாத்துக்கங்க.”

தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போகிறானோ என்று அழகுபாண்டி கூனிப்போனான்.

போனில் பேசியது அஸ்வினி மிஸ். ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். காளை வந்ததும் அழகுபாண்டி பாடத்தைப் பாதியில் விட்டு, போனை அணைக்க மறந்து அப்படியே பையில் போட்டிருந்தான்.

அழகுபாண்டிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. ரோகிணியின் ஆபீஸ் விழாவுக்கு ஜோடியாகப் போனபோது மேனேஜர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இவன் சிரித்தே சமாளித்தான். சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டிருக்கிறார். வண்டியில் தல்லாகுளத்து வீட்டுக்கு வந்து சேரும்வரை ரோகிணி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பான்.

அடுத்த விழாவில் அவள் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் மார்க்கெட் முடிந்து வரும் மத்தியானங்களில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில், வீட்டு வைஃபையில், வீடியோவைப் போட்டுக்கொண்டு படித்தான். அவன் பாடம் ஆரம்பித்ததும் அவள் முகம் வாட ஆரம்பித்ததும் ஒரே சமயம். இப்போதுதான் அது அவனுக்கு உறைத்தது.

இவன் அங்கே மேலே உட்கார்ந்து ‘ஹவ் ஆர் யூ’ சொல்லிக்கொண்டிருக்க, கீழே இவள் குரல் எட்டாமல் திட்டு வாங்கியிருக்கிறாள். படித்து, போராடி வாங்கிய வேலை. அதற்குப் புருஷனே குழி பறித்திருக்கிறான்.

கதவு திறந்தது. ரோகிணி ஹெட்செட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தாள். “யாருங்க வந்துட்டுப் போறது?”

“உக்காரு தாயி. ஒண்ணு சொல்லணும். சத்தம் போடாம கேளு.”

எல்லாவற்றையும் சொன்னான். மொட்டை மாடியை, அஸ்வினி மிஸ்ஸை, எண்ணூறை. சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. கோபம் என்று நினைத்து அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“வைஃபை மேல தப்பே இல்ல ரோகிணி. ஓம்மேலயும் இல்ல. எல்லாம் என்னாலதான்.”

அவள் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. “எனக்காகவா படிச்சீங்க?”

“அத விடு. இனிமே கிளாஸே வேணாம்னு மிஸ்ஸுகிட்டச் சொல்லிர்றேன்.”

“ஐயோ, வேணாங்க. நிப்பாட்டாதீங்க.” அவள் குரல் உடைந்தது. ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அழுவதைப் பார்த்து அவனுக்குத் தாங்கவில்லை. “அழுகாத. ஒம் மேனேஜரு நம்பரக் குடு. நானே பேசுறேன். ஒங்க ஸ்டாஃப் மேல தப்பில்ல, எம்மேலதான் தப்புன்னு அந்தாளுகிட்ட இங்கிலீஸ்லயே சொல்லிர்றேன்.”

ரோகிணி ஹெட்செட்டை மடியிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

“எனக்கு வேலை போயி ரெண்டு மாசமாச்சுங்க.”