பறவைக்கு விட்ட அளம்

“உங்க அண்ணனுக்கு மேல்சித்தாமூர் மடத்துல பொன்னாடை போடறாங்களாம். ‘ஜீவதயாளர்’னு பட்டமாம்!”

மனைவி அனந்தமதி சொன்னதும், ஜைன வழக்கப்படி பொழுது சாயுமுன் சாப்பிட உட்கார்ந்த சம்பவநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

செஞ்சிக் கடைத்தெருவில் உப்பு வியாபாரம் அவருக்கு. அண்ணன் அஜிததாஸ் பெரியப்பா மகன். மரக்காணம் கடலோரத்தில் இருவருக்கும் அடுத்தடுத்து உப்பளம். அண்ணன் தன் அளத்தைப் பறவைகளுக்கென்று விட்டு இரண்டு வருஷமாகிறது. இப்போது அங்கே சுடக்கூடாது என்று சர்க்கார் போர்டு வைத்திருக்கிறார்கள். மெட்ராஸ்காரர்கள் கார் போட்டு வந்து தூரக்கண்ணாடியில் கொக்கு பார்க்கிறார்கள்.

“இன்னா பெரிய தயை? உப்பு வெளையல, வுட்டுட்டாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

“அதுக்கு உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?”

எரியத்தான் எரிந்தது. பங்காளிக் காய்ச்சலுக்கு எந்த வைத்தியர் மருந்து கொடுத்திருக்கிறார்? சபையில் வைத்தே அண்ணன் குட்டை உடைத்துவிடுவது என்று முடிவு கட்டினார். மறுநாளே ஆளனுப்பி, அளத்து மேஸ்திரி பச்சைமுத்துவை வரவழைத்தார்.

“ரெண்டு அளத்தையும் பாத்துக்கறவன் நீ. அவரு அளத்துல உப்பு வெளையல, அதான் வுட்டாருன்னு மடத்துல வந்து சொல்லணும்.”

பச்சைமுத்து தலையைச் சொறிந்தார்.

“சபையில நின்னா முழுசையும் சொல்லணுங்களே, மொதலாளி.”

“சொல்லேன். பக்கத்துல என் அளம் மட்டும் எப்படிய்யா வெளையுது? வேலை வாங்கற சாமர்த்தியம் வேணும்!”

“சாமர்த்தியம் இல்லீங்க, தண்ணி. அறுபத்தாறாம் வருசப் புயல்ல கால்வா தூந்துபோச்சு. வர்ற கடல்தண்ணி ஒரு அளத்துக்குத்தான் பத்தும்.”

“அப்போ பாதிப் பாதிதானே வரணும்?”

“பிரிச்சா ரெண்டும் வெளையாதுங்க. பெரியவருதான் மடையை உங்க பக்கம் திருப்பச் சொன்னாரு. ‘தம்பிக்கு மூணு பொண்ணு இருக்குது, அவன் பொழைக்கட்டும்’னாரு. அவரு அளத்துல மழைத்தண்ணி நின்னு, கொக்கு வந்ததெல்லாம் அப்பறந்தான்.”



“என்கிட்ட ஏன்யா சொல்லல?”

“அவருதான் வாயத் தொறக்காதன்னாரு. ‘தம்பி ரோசக்காரன். நான் வுட்டுக்குடுத்த தண்ணின்னு தெரிஞ்சா வேணாம்னுடுவான். யாரு கேட்டாலும் குருவிக்கு வுட்டேன்னு சொல்லிக்கலாம்’னாருங்க.”