இரண்டு மூட்டை உரம்

சோயாவை நன்றாக விளைவிப்பவருக்கே கூலிகளை மேற்பார்க்கும் கங்காணி வேலை என்று மலாயாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். பத்துமலைக்கும் அவருடைய சம்பந்தி சீனிக்கும் ஆளுக்கொரு நிலம், ஆளுக்கொரு மூட்டை உரம்.

தோட்டத்துக் கணக்கரான கிராணி பார்வையிட வந்த காலையில் பத்துமலை நிலைகொள்ளாமல் நடந்தார்.

“நம்ம மூட்டையையும் உன் அப்பன் நிலத்துலயா போட்ட?”

“அப்பாவுக்கு வயசாயிருச்சு மாமா. இனியும் பால்மரம் வெட்டிப் பால் எடுக்க முடியாது,” என்றாள் மருமகள் செல்லாயி.

“அங்க இடுப்பளவு பச்சையா நிக்குதாம். வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டு மானம் என்னாகும்?”

சீனியின் நிலத்தைப் பார்த்துவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு கிராணி வந்தார். “அங்க ரெண்டு மூட்டை போட்டிருக்கு. உங்க மூட்டை எப்படி அங்க போச்சு?”

கூடவே வந்திருந்த தோட்டத்து ஆட்கள் பார்த்தார்கள். பத்துமலை நிமிர்ந்து நின்றார். “நாந்தான் குடுத்தனுப்புனேன்.”

கிராணி சிரித்தார். “கெட்டிக்காரர்தான். சோயா தனக்கு வேண்டிய சத்தை வேர்லயே உண்டாக்கிக்கும். போட்ட உரத்தையெல்லாம் களை தின்னுட்டு இடுப்பளவு நிக்குது. சோயாவையே காணோம். உங்க நிலத்துலதான் விளைஞ்சிருக்கு. நீங்கதான் கங்காணி.”

சீனி பத்துமலையையே பார்த்தார்.

“இதுக்குத்தான் குடுத்தனுப்புனீங்களா, சம்பந்தி?”