நாற்பதாவது முட்டை

முப்பத்தொன்பது பேர் படிக்கிற வகுப்பில் முப்பத்தெட்டு பேருக்கு முட்டை! பள்ளிக்கூடமே அமளிதுமளிப்பட்டது.

"என்ன டீச்சர், பள்ளிக்கூடமா கோழிப்பண்ணையா?" ஹெட்மாஸ்டர் ஆய்வகத்துக்கே வந்து விடைத்தாள் கட்டைப் பொத்தென்று போட்டார். "தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்? நூறு. பிள்ளைங்க நூறுன்னுதானே எழுதியிருக்காங்க?"

சயின்ஸ் டீச்சர் மசிகிற ஆளா என்ன?

"தாள்ல இருக்கிறதே ஒரு கேள்விதான், அதைப் படிங்க சார். 'தண்ணீர் கொதித்தபோது வெப்பமானியில் நீ பார்த்த அளவு என்ன?' அது காட்டினது தொண்ணூத்தி நாலு. வரிசையா வந்து எல்லாரும் பார்த்தாங்க. பார்த்ததை எழுதினவ கடைசி பெஞ்சு வாயாடி ஒருத்திதான். மத்ததெல்லாம் புத்தகத்தை வாந்தி எடுத்திருக்கு."

"அப்போ கருவி கோளாறு!"

"கோளாறுதான். ரெண்டு வருஷமா ஆறு டிகிரி குறைச்சுத்தான் காட்டுது. அதுக்காகப் பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதலாமா? பொய்க்கு என் பேனா மார்க் போடாது."

"மாத்தலேன்னா இந்த வகுப்பை உங்ககிட்டேயிருந்து எடுத்துடுவேன்."

"தாராளமா எடுத்துக்குங்க!"

வாசலில் ஒரு கனைப்பு. முதல் ரேங்க்காரி. கண் சிவந்திருந்தது, ஆனால் தலை குனியவில்லை.

"மிஸ், நான் முதல்ல தொண்ணூத்தி நாலுன்னுதான் எழுதினேன். அப்புறம்தான் அடிச்சுட்டு நூறு போட்டேன்."

டீச்சர் தாளைப் பிரித்துப் பார்த்தார். ஆமாம், அடித்திருந்தாள்.

"ஏன்டி அடிச்சே?"

அவள் விடுவிடுவென்று போய் ஆணியில் தொங்கிய கருவிப் பதிவேட்டை எடுத்து வந்து விரித்தாள்.

"கருவி கோளாறோன்னு இதைப் பார்த்தேன். 'வெப்பமானி, பழுதில்லை. நேரில் சரிபார்த்தேன்'னு போன வாரம்தான் எழுதியிருக்கீங்க. மிஸ் பொய் சொல்ல மாட்டாங்க, என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சுட்டேன்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. மாசாமாசம் அதே வரி, அதே கையெழுத்து. கோளாறு என்று தெரிந்தும், எந்த மாசமும் சரிபார்க்காமலே போட்டது.

"வாய் ரொம்ப நீளுது. நீ வகுப்புக்குப் போம்மா!" என்று ஹெட்மாஸ்டர் அவசரமாகப் பதிவேட்டை மூடப் போனார்.

டீச்சர் விடவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. சிவப்பு மையைத் திறந்து, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பெரிசாக ஒரு முட்டை போட்டார்.

"உன் முட்டை முட்டைதான்டி. அதை மாத்த மாட்டேன். ஆனா முப்பத்தொன்பதாவது முட்டை எனக்கு."

பிறகு விரலை ஒரு வரி கீழே இறக்கினார். 'நானும் நேரில் பார்த்தேன். தலைமையாசிரியர்.'

பேனாவை அவரிடமே நீட்டினார்.

"நாற்பதாவதை நீங்களே போட்டுக்குறீங்களா சார்?"