இரட்டை முடிச்சு

"எனக்கு அந்த நாயோட தலை வேணும் சார்."

கேட்டேவிட்டேன்.

வெறிநோய் ஒழிப்புக் குழுவில் நான் சேர்ந்த முதல் நாளே, நாய் பிடிக்கும் வலைக்காரர் காதோடு சொல்லியிருந்தார். "இங்க லீவு கேளு, நாற்காலி கேளு, என்ன வேணும்னாலும் கேளும்மா. தலையை மட்டும் கேட்டுறாத."

செத்த நாயின் தலையை வெட்டி மூளையைப் பார்த்தால்தான் அதற்கு வெறிநோய் இருந்ததா என்று தெரியும். பார்க்காவிட்டால் தெரியாது. தெரியாவிட்டால் இல்லை. எங்கள் நகரத்தில் இரண்டு வருடமாக வெறிநோய் இல்லை.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் தலைக்கு மேலே இரண்டு பேர் ஏணி போட்டுப் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'வெறிநோயை வென்ற நகரம்.' மூன்று மணிக்குச் சான்றிதழ் கொடுக்க வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது.

"இன்னைக்குத்தான் கேக்கணுமா? அப்படி என்ன தலை போற அவசரம்?"

"தலை போற அவசரம்தான் சார். மத்தியானம் புதைச்சிடுவாங்க."

ஏணியில் நின்றவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"அது பச்சைப் பட்டை நாய்ம்மா."

முகாமில் தடுப்பூசி போட்ட நாயின் கழுத்தில் பச்சைத் துணிப்பட்டை கட்டுவோம். போட்ட நாய்க்கே மறுபடி போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். டாக்டர்தான் அதற்குப் பதவி உயர்வு கொடுத்தார். பச்சைப் பட்டை நாய் கடித்தால் மனிதருக்கு ஊசி தேவையில்லை என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் சுற்றறிக்கை போனது.

நாலு நாள் முன்பு அந்த நாய் ஒரு பெண்ணைக் கணுக்காலில் கடித்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். இன்று காலை நாய் வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் மகளிடமே சொன்னாள். ஊசி அறையில் நர்ஸ் கேட்டது ஒரே கேள்வி. பட்டை இருந்ததா? இருந்தது என்றாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்க வைத்தவளுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நோய் வந்துட்டா மருந்தே கிடையாது. உங்களுக்குத் தெரியாததா சார்? ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுங்க. இல்லைன்னா தலையைக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும்."

"ஒருத்தருக்குப் போட்டா ஊருக்கே பட்டை மேல நம்பிக்கை போயிடும்மா. நாளைக்குப் பாக்கலாம்."

"பட்டை இருந்தா ஊசி போட்டதா அர்த்தமா சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "முகாம்ல நீயும்தானே இருந்தே? போடலைன்னா, நீயே சொல்லேன்."

இருந்தோம், ஐந்து பேர். நாலு மணிக்கு மருந்து தீர்ந்துவிட்டது. பட்டை தீரவில்லை. நூற்றுக்கு எழுபது என்ற இலக்குக்கு இன்னும் நாற்பது நாய் குறைந்தது. டாக்டர் போனில், பட்டையைக் கட்டிவிடுங்கள், ஊசியை அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்றார். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

மூளையைப் பார்த்தால் அந்த நாயே சொல்லிவிடும். மனிதர் யாரும் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. அதற்காகத்தான் தலையைக் கேட்டேன்.

"சொல்றேன் சார்" என்று எழுந்தேன்.

கடிபட்டவளிடம் 'நாளைக்கு' என்று சொல்லப் போவதாக எடுத்துக்கொண்டார் போல, அவர் முகம் தெளிந்தது. "நல்ல பொண்ணு. மூணு மணிக்கு வந்துடு. குரூப் போட்டோ இருக்கு."

என் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஊசி போடாமலே பட்டை கட்டியதை ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பஸ்ஸிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஒன்று ஊசி அறைக்கு. இன்னொன்று மூன்று மணிக்கு வருகிறவர்களுக்கு.

காலையில் நர்ஸ் பட்டையைப் பற்றிக் கேட்டபோது, அம்மா இருந்தது என்பதோடு நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் போகும்போது ரிப்பன் அவிழாமலிருக்க எனக்கு ஒரு முடிச்சுச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

"சாதாரணப் பட்டை இல்ல சிஸ்டர். இரட்டை முடிச்சு. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, எம்பொண்ணு கட்டினது. அதான் நான் பயப்படவே இல்ல."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்போது வாயைத் திறக்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"எழுந்திரும்மா" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு."