பாதிச் சடை

தர்ஷினிக்கு ஒரு பக்கச் சடைதான் பின்னியிருக்கிறது. மறுபக்க முடி எண்ணெய் மினுங்கத் தோளில் கிடக்கிறது. அதற்குள், தான் ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று அம்மா செல்வலட்சுமி செல்போன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். திரையில் சீனத்துச் சிறுமி லின், ஆங்கிலப் பாடத்தில் வருகிற நாய் ஏன் வாசலிலேயே நின்றது என்ற கேள்விக்கு மறுபடியும் தப்பாகவே பதில் சொல்கிறாள். அம்மா அதற்கும் சிரித்துக் குழைகிறாள். தானென்றால் இந்நேரம் குட்டு விழுந்திருக்கும் என்று தர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “அம்மா, சடை.” “ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு.” குரல் மட்டும் வருகிறது, முகம் திரும்பவில்லை. மஞ்சள் வெயிலில் தர்ஷினி ரிப்பனை விரல் சிவக்கச் சுற்றுகிறாள். “அந்த நாயை யாரும் உள்ளே கூப்பிடலை” என்று ஆங்கிலத்திலேயே கத்துகிறாள். அம்மா திரும்பி முறைக்கிறாள். திரையில் லின் கைதட்டுகிறாள். “வெரி குட்” என்கிறாள், அம்மாவின் அதே குழைவோடு.