அண்ணனின் கோடு போட்ட சட்டை

ஒரு முகத்தை வரைகிறவன் ஒரு மரணத்தைத் தள்ளிப்போடுகிறான்.

அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. யாரோ ஒரு விமர்சகர் சொன்னதாக. எழுதியவர் ஓவியரேதான், அந்த ஒரு வரிக்கு ஒரு முழு மாலையும் மூன்று காபியும் ஆயின.

கண்காட்சி தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. பதினெட்டு முகங்கள் சட்டத்துக்குள் இருந்தன. நாற்பது முகங்கள் வெளியே, கையில் பழச்சாறோடு.

நடுச்சுவருக்கு முன்னால் வந்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அங்கே மாட்டியிருந்தது ஓவியரின் அண்ணன். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டவர். செப்புத் தகட்டில் கீறி, தாளில் அச்செடுத்த படம். கோடு போட்ட அரைக்கைச் சட்டை, பையில் செருகிய ஸ்குரூடிரைவர், எந்த மாடிக்குப் போகணும் என்று கேட்பது போல ஒரு சிரிப்பு.

உயிரோடு இருந்தவரை அண்ணனை ஓவியர் ஒருமுறைகூட வரைந்ததில்லை. அண்ணனாகவே இரண்டு தடவை பட்டறைக்கு வந்து, தலையைச் சீவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தார். இரண்டு தடவையும் தன்னை வரையச் சொல்லி ஏதாவதொரு தலைவர் வந்து சேர்ந்தார். அண்ணன் எழுந்து இடம் விட்டார்.

இப்போது அண்ணி படத்தை விட்டு நகரவில்லை.

அந்தச் சட்டையைக் கொடுத்தவள் அவள்தான். அண்ணன் கடைசியாகப் போட்டுக் கழற்றியது. கோடுகள் பிசகாமல் வரவேண்டும் என்று ஓவியர் கேட்டதும், துணிப்பையில் மடித்துப் பட்டறையில் கொண்டுவந்து வைத்து, பிள்ளையை விடுதியில் சேர்ப்பது போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அப்படியே இருக்காரு தம்பி. திட்டினா இப்பவும் சிரிப்பாரு போல," என்றாள். "சட்டைய எப்பத் தர்றீங்க? பெட்டிக்குள்ள வச்சிடணும். வாசனை பாதி போயிருக்கும் இந்நேரம்."

"பத்திரமா இருக்கு அண்ணி."

அதற்குள் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். மூன்றாவது படமான வணிகர் சங்கத் தலைவரைக் காட்டி, அந்த நெற்றியில் மட்டும் அப்படியொரு வெளிச்சம் எப்படி வந்தது என்று கேட்டாள்.

ஓவியருக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதினைந்து வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போனது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எல்லாம் துணிதாம்மா. தகடு பூரா மை தடவி, மேல இருக்கிற மையத் துணியால துடைச்சு எடுக்கணும். கீறல்ல நிக்கிற மைதான் படம். புதுத் துணி ஆகவே ஆகாது. ஒருத்தர் வருஷக்கணக்கா போட்டு, துவைச்சு, நைஞ்ச பருத்தியா..."

அங்கே வாய் நின்றுவிட்டது.

பக்கத்தில் அண்ணி பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரர் சட்டைகூட இவர்கிட்டதான் இருக்கு," என்று அந்தப் பெண்ணுக்கு எடுத்துக்கொடுத்தாள். அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

பட்டறையில் துடைக்கும் துணிகளுக்கு ஒரே ஒரு ஆணிதான். உறவுக்காரர்கள் கொடுத்த பழந்துணிப் பைகளெல்லாம் அதில்தான் தொங்கும். அண்ணன் சட்டையின் கோடுகளை வரைந்து முடித்ததும் ஓவியர் அந்தப் பையையும் அதிலேயே மாட்டினார். நாளைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று.

நாலாம் நாள் வணிகர் சங்கத் தலைவரின் தகட்டில் மை ஏற்றிவிட்டு, பார்க்காமலே பைக்குள் கையை விட்டார்.

தெரியாமல் நடந்துபோனது என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். சட்டையின் முதல் கையைக் கிழித்தவரைக்கும் அது உண்மை. இரண்டாவது கையைக் கிழிக்கும்போது பொத்தான் தட்டியது, குனிந்து பார்த்தார், தெரிந்துவிட்டது.

ஆனால் தகட்டில் மை இறுகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை தலைவர் பார்க்க வருவதாக இருந்தது. அதோடு, துணி அபாரமாக இருந்தது. வருஷக்கணக்காக லிஃப்ட் சுவரில் உரசி நைந்த முதுகுப்பக்கம், பூப்போல. மிச்சத்தையும் கிழித்தார்.

அந்த நெற்றி வெளிச்சம் அண்ணனின் முதுகு. அண்ணன் இன்னொரு தடவை எழுந்து இடம் விட்டிருந்தார்.

அண்ணன் படத்தின் தகட்டைத் துடைத்தது யாரோ ஒரு மாமியின் தலையணை உறை.

பத்திரிகைக்காரப் பெண் போனதும் அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நாளைக்குத் தானே பட்டறைக்கு வருவதாகச் சொன்னாள்.

"வேண்டாம் அண்ணி, நானே வீட்டுக்குக் கொண்டு வந்து தர்றேன்."

"சரி. நல்ல மனசுல துவைச்சுக் கிவைச்சு வைக்காதீங்க, என்ன?"

"சேச்சே, துவைப்பேனா?"

அந்த ஒரு பதிலில் பொய் இல்லை.

கடை கடையாக ஏறி இறங்கி, அதே மாதிரி கோடு போட்ட ஒரு சட்டை வாங்கியிருந்தார். முப்பது தடவை துவைத்து, கல்லில் தேய்த்து, பழசாக்கியிருந்தார். வாசனைதான் பாக்கி. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வியர்வையில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

கறுப்பு மேல்கோட்டுக்குள் இன்றோடு ஒன்பது நாளாக அந்தச் சட்டையைக் கழற்றாமல் போட்டிருக்கிறார்.